பெற்றவர் பெயர் எழுதிய தாள்
தத்துப் பிள்ளையின் உரிமை பற்றிய ஒரு பாடம்



ஒரு தாள் இல்லாவிட்டால் மனுசன் எவ்வளவு அலைய வேண்டும் என்பதை மலையக மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, "உன் தகப்பன் இந்த நாட்டில்தான் பிறந்தாரா? காட்டு" என்று கேட்டார்கள். காட்டத் தாள் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு பெருமளவுக்குத் தீர்ந்தது. இன்றைக்கும் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, கலியாணம் பதிய, பாஸ்போட் எடுக்க, எங்கே போனாலும் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான்.

இந்த இதழின் பாடமும் பிறப்புச் சான்றிதழ் பற்றியதுதான். ஆனால் இது வேறு விதமான கஷ்டம். கையில் சான்றிதழ் இருக்கிறது, அதில் அம்மா அப்பா பெயரும் இருக்கிறது. ஆனால் அவர்கள் தன்னைப் பெற்றவர்கள் இல்லை, எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒருவருக்குத் தெரிய வருகிறது. "என்னைப் பெத்தது யார்? நான் பிறந்த அன்று எழுதிய அந்த முதல் தாள் எங்கே? அதைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா?" என்று அவர் கேட்கிறார். உலகத்தில் பல நாடுகளில் வளர்ந்த தத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டு, நீதிமன்றம் ஏறி, சட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். நமது நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பெரிய பங்கு உண்டு. ஆகவே இதை நிதானமாகப் படிப்போம்.

1. தத்து எடுத்தால் சான்றிதழுக்கு என்ன நடக்கிறது?

ஒரு பிள்ளை பிறந்தவுடன் பதிவாளரிடம் பதியப்படுகிறது. பெற்ற தாயின் பெயர், தகப்பனின் பெயர், பிறந்த இடம், திகதி எல்லாம் அதில் எழுதப்படும். இதை நாம் முதல் சான்றிதழ் என்று சொல்வோம்.

பிறகு அந்தப் பிள்ளையை வேறொரு குடும்பம் நீதிமன்றத்தின் மூலம் தத்து எடுக்கிறது. நீதிமன்றம் கட்டளை இட்டதும், பிள்ளையின் பெயர் இன்னொரு பதிவேட்டில் புதிதாக எழுதப்படும். அதிலிருந்து கிடைக்கும் சான்றிதழில் வளர்ப்புப் பெற்றோரின் பெயர்தான் இருக்கும். முதல் பதிவு அழிக்கப்படுவதில்லை. அது அலுவலகத்தில் அப்படியே கிடக்கும். ஆனால் அந்தப் பதிவுக்கும் இந்தப் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று காட்டும் ஏட்டை மட்டும் பூட்டி வைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 1930களிலிருந்து அங்கே ஒரு புதிய வழக்கம் வந்தது. வளர்ப்புத் தாயே பெற்றெடுத்தது போல ஒரு திருத்திய பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதை முத்திரை வைத்து மூடிவிடுவார்கள். சொந்தக்காரன் 60 வயதுக் கிழவனாகி வந்து கேட்டாலும், "நீதிமன்றக் கட்டளை கொண்டு வா" என்பதுதான் பதில். மற்ற எல்லா மனிதரும் கட்டணம் கட்டி வாங்கும் ஒரு தாளை, தத்துப் பிள்ளை மட்டும் வாங்க முடியாது.

2. ஏன் பூட்டி வைத்தார்கள்?

பூட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில்தான் பூட்டினார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று காரணம் சொன்னார்கள்.

முதலாவது, பிள்ளைக்காக. கலியாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால் ஊர் ஏளனமாகப் பேசும். சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லாத இடத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கூடக் கேலி செய்வார்கள். அந்தப் பழி பிள்ளையின் மேல் விழக்கூடாது என்று நினைத்தார்கள்.

இரண்டாவது, பெற்ற தாய்க்காக. அவள் பிறகு ஒருவரைக் கலியாணம் செய்து குடும்பமாக இருப்பாள். பழைய விசயம் வெளியே வந்தால் அவள் வாழ்க்கை கெட்டுவிடும் என்றார்கள்.

மூன்றாவது, வளர்த்தவர்களுக்காக. பெற்றவள் என்றைக்காவது வாசலில் வந்து நின்று பிள்ளையைத் திருப்பிக் கேட்பாளோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

இந்த மூன்றும் பிள்ளை சின்னதாக இருக்கும்போது பொருந்தலாம். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகி, வாக்குப் போட்டு, தானே பிள்ளை பெறும் காலத்திலும் பூட்டு அப்படியே இருந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் கேட்கும் முதல் கேள்வியே, "உங்க குடும்பத்தில யாருக்காவது சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், பிரசர் இருக்கா?" என்பதுதானே? தத்துப் பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது. கூடப் பிறந்தவர்கள் யார் என்று தெரியாததால், கலியாணம் பேசும்போதும் மனதில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் யார் வயிற்றில் பிறந்தேன்?" என்ற கேள்வி மனதை விட்டுப் போவதில்லை.

கண்ணனைத் தேவகி பெற்றாள், யசோதை வளர்த்தாள். இருவரையும் நாம் தாய் என்றே சொல்கிறோம். கர்ணனின் கதை வேறு. பெற்றவள் யாரென்று அவனுக்குத் தெரிய வந்தபோது யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே விளங்கும்.

3. பூட்டைத் திறந்த நாடுகள்

ஸ்கொட்லாந்து: இங்கே 1930ஆம் ஆண்டுத் தத்துச் சட்டத்திலேயே இந்த உரிமை இருந்தது. பிள்ளைக்கு 17 வயது ஆனால் தன் முதல் பதிவைப் பார்க்கலாம். இப்போது அந்த வயது 16.

இங்கிலாந்து: 1926ஆம் ஆண்டில்தான் இங்கே முதல் தத்துச் சட்டம் வந்தது. அதில் இந்த உரிமை இல்லை. நீதிமன்றக் கட்டளை வேண்டும். சுமார் 50 வருடம் இப்படியே போனது. ஜோன் திரிசெலியோட்டிஸ் என்ற ஆய்வாளர் ஸ்கொட்லாந்தில் தங்கள் பதிவைத் தேடி வந்தவர்களைச் சந்தித்து, 1973இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் யாரையும் பழி வாங்க வந்தவர்கள் அல்ல, தங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் என்று அது காட்டியது. பிறகு 1975ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 18 வயது நிரம்பிய எந்தத் தத்துப் பிள்ளையும் தன் முதல் பிறப்புச் சான்றிதழை வாங்கலாம் என்று சொன்னது. 1976 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் செய்தார்கள். 1975 நவம்பர் 12க்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், தாளை வாங்குவதற்கு முன் ஒரு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் பிள்ளையைக் கொடுத்த தாய்மாருக்கு, "இது ஒருநாளும் வெளியே வராது" என்று சொல்லியிருந்தார்கள். திடீரென்று கதவைத் தட்டினால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று வந்தவரோடு பேசி விளங்க வைப்பது ஆலோசகரின் வேலை. 1991இல் இன்னொரு பதிவேடும் திறந்தார்கள். தேடும் பிள்ளையும் தேடப்படும் உறவுகளும் தங்கள் விருப்பத்தை அதில் எழுதி வைக்கலாம்.

இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. கொலைக் குற்றம் செய்து மனநோய்க் காவலில் இருந்த ஒருவர் தன் முதல் சான்றிதழைக் கேட்டபோது, அவரால் பெற்ற தாயின் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று கண்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அப்படியான அபூர்வமான இடத்தில் மட்டும் மறுக்கலாம், மற்றப்படி கொடுக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிலை.

நியூசிலாந்து: 1985ஆம் ஆண்டுச் சட்டம் 20 வயதான தத்துப் பிள்ளைக்கு இந்த உரிமையைக் கொடுத்தது. பழைய காலத்துத் தாய்மார் விரும்பினால் 10 வருடத்துக்குத் தடை போட்டு வைக்கலாம் என்றும் இடம் வைத்தது.

அமெரிக்கா: இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். கன்சாஸ், அலாஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் வளர்ந்த தத்துப் பிள்ளைக்குக் கதவை மூடியதே இல்லை. மற்ற இடங்களில் 1950களிலிருந்தே சிலர் குரல் கொடுத்தார்கள். ஜீன் பேற்றன் என்ற சமூக சேவகி, தானும் ஒரு தத்துப் பிள்ளை, 1953இல் இதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1998 நவம்பரில் ஒரிகன் மாநிலத்தில் இந்தக் கேள்வியை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். 100க்கு 57 பேர் அளவில் ஆதரவாக வாக்களித்தார்கள். சில தாய்மார் வழக்குப் போட்டதால் சட்டம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் 2020 ஜனவரி 15 முதல், 18 வயதான தத்துப் பிள்ளை யாரும் கேட்டு வாங்கலாம். அந்தப் பிள்ளை இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளும் கேட்கலாம். இன்னும் கதவைத் திறக்காத மாநிலங்களும் உண்டு.

அயர்லாந்து: இங்கே நடந்தது நம் மக்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. கலியாணமாகாத தாய்மாரின் பிள்ளைகளைச் சட்டப்படி தத்துக் கொடுக்காமல், வளர்ப்பவர்கள் தாங்களே பெற்றது போலப் பொய்யாகப் பதிந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தத்து நிலையத்தின் கோப்புகளில் மட்டும் அப்படி 126 பேர் இருப்பதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் பலர் நடுவயது தாண்டியவர்கள். தங்கள் பெயரும் பிறந்தநாளும் கூட உண்மையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டில் அயர்லாந்து ஒரு புதிய சட்டம் கொண்டு வந்தது. அதன்படி 16 வயதிலிருந்து பிறப்புத் தகவல் முழுவதையும் கேட்டுப் பெறலாம். அதே வருடம் ஒக்டோபர் மாதத்தில் அந்தச் சேவை தொடங்கியது.

4. பெற்ற தாயின் இரகசியம் என்ன ஆகும்?

இதைப் பேசும்போது பெண்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய கேள்வி இது: "பாவம், அந்தப் பொம்பளை இத்தனை வருசம் மூடி வைச்சிருந்ததை இப்ப திறந்தா அவ கதி என்ன?"

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நாடுகள் கண்ட வழி இதுதான்: தாள் வேறு, உறவு வேறு. தாளில் இருப்பது பிள்ளையின் சொந்தப் பிறப்பு பற்றிய உண்மை. அதை அறிவது பிள்ளையின் உரிமை. ஆனால் அந்தத் தாளைக் காட்டித் தாயைச் சந்திக்கும்படி யாரும் வற்புறுத்த முடியாது. சந்திப்பதா வேண்டாமா என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும்.

இதற்காக ஒரிகனில் ஒரு படிவம் வைத்தார்கள். "என்னோடு நேரே பேசலாம்", "நடுவில் ஒருவர் மூலம் பேசலாம்", "இப்போது தொடர்பு வேண்டாம்" என்ற மூன்றில் ஒன்றைத் தாய் எழுதி வைக்கலாம். அயர்லாந்தில் தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிந்திருந்தால், தகவலைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையோடு பேசி அந்தத் தாயின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வார்கள். பிறகு தகவலைக் கொடுப்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாய்மார் எல்லாரும் ஒளிந்திருக்க விரும்புகிறவர்கள் என்று நினைப்பது பிழை. பிள்ளையைக் கொடுத்த நாளையும் கிழமையையும் மறக்காமல், வருசா வருசம் அந்தப் பிறந்தநாளில் வாய்க்குள்ளேயே அழும் தாய்மார் உண்டு. "என் பிள்ளை உயிரோட இருக்கா?" என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் அவர்கள். மூடிய பூட்டு அவர்களையும் சேர்த்துத்தான் அடைத்து வைத்திருந்தது.

5. நமது நாட்டுச் சட்டம்

நமது நாட்டில் பிள்ளைகளைத் தத்து எடுப்பதற்கான சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரசாங்கக் கடிதங்களில் தத்து என்பதை "மகவேற்பு" என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டது இது. ஆகவே அங்கே இருந்த பூட்டு இங்கேயும் வந்தது. பதிவாளர் நாயகம் மகவேற்புப் பதிவேடு ஒன்றை வைத்திருப்பார். அதற்கும் முதல் பிறப்புப் பதிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஏடு பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. நீதிமன்றக் கட்டளையோடுதான் அதைத் திறக்கலாம். இங்கிலாந்து 1975இல் தன் பூட்டைத் திறந்துகொண்டது. 18 வயதானால் கேட்டவுடன் கொடுக்கும் அப்படியான ஒரு விதி நமது கட்டளைச் சட்டத்தில் இல்லை.

ஆனால் நமது நாடு உலகத்துக்குக் கொடுத்த இரண்டு வாக்குறுதிகள் உண்டு. ஒன்று, சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம். இலங்கை இதை 1991இல் ஏற்றது. இயன்ற வரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று அதன் 7ஆம் உறுப்புரை சொல்கிறது. இரண்டாவது, நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம். முதன்முதலில் இதை ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995 மே 1இல் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் பூர்வீகத் தகவலைப் பத்திரமாக வைக்க வேண்டும், நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்குத் தக்க வழிகாட்டலோடு பிள்ளை அதைப் பார்க்க விட வேண்டும் என்று அது சொல்கிறது.

6. கடல் கடந்து போன நம் பிள்ளைகள்

1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் சுமார் 3,400 பேர். சுவிற்சர்லாந்துக்கு 800க்கு மேற்பட்டவர்கள். சுவீடன், பிரித்தானியா, ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளுக்கும் போனார்கள். மொத்தம் 11,000 வரை இருக்கலாம் என்று 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று சொன்னது.

அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதை ஒட்டியவர்கள். தங்கள் பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்து தேடினார்கள். பலருக்கு அந்தத் தாள் வழி காட்டவில்லை. சான்றிதழில் உள்ள பெயரில் தாய் இல்லை. சில இடங்களில், நீதிமன்றத்தில் கைச்சாத்துப் போட்ட பெண் பெற்ற தாயே அல்ல, தரகர் காசு கொடுத்துக் கூட்டி வந்த வேறு ஒருத்தி. ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையை எடுத்துப் போனதாகச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. "குழந்தைப் பண்ணை" என்று பெயர் வாங்கிய வீடுகள் அந்தக் காலத்தில் நாட்டில் இருந்ததை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன 2017இல் அந்த நிகழ்ச்சியிலேயே ஒப்புக்கொண்டார்.

2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசாங்கம் இலங்கைப் பிள்ளைகள் விடயத்தில் அதிகாரிகள் தவறியதற்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு ஒன்று, இலங்கை உட்பட 5 நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் பாரிய முறைகேடுகள் இருந்தன என்றும், அரசாங்கம் தெரிந்தும் தலையிடவில்லை என்றும் அறிக்கை கொடுத்தது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பூட்டைத் திறந்து தாளைக் கையில் கொடுத்தாலும், தாளில் எழுதியதே பொய் என்றால் அந்த உரிமை வெறும் கையோடு திரும்பி வரும். அந்தப் பொய் எழுதப்பட்டது, பிள்ளை பிறந்து சில நாட்களுக்குள். ஆகவே பிறப்பை உண்மையாகப் பதிவது என்பது 40 வருடத்துக்குப் பிறகு கேட்கப்போகும் ஒரு கேள்விக்கு இன்றைக்கே பதில் எழுதி வைப்பது போல.

1992இல் நமது தத்துச் சட்டம் இறுக்கப்பட்டது. அதன் பிறகு வெளிநாட்டார் ஒருவர் தாயிடமிருந்து நேரே பிள்ளையைப் பெற முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாகவே போக வேண்டும். பிள்ளைக்காகக் காசு வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

7. நமது தோட்டங்களில் நாம் செய்யக்கூடியவை

நமது லயங்களில் பிள்ளைகளை எடுத்து வளர்ப்பது புதிய விசயம் இல்லை. அக்கா மத்திய கிழக்குக்குப் போனால் தங்கை வளர்ப்பாள். மகள் கொழும்பில் வேலை செய்தால் அம்மாச்சி வளர்ப்பார். இது நம்மிடம் உள்ள நல்ல குணம். ஆனால் தாளில் பிழை விடுகிறோம். அதைத்தான் திருத்த வேண்டும்.

அ) மகள் கலியாணம் இல்லாமல் பிள்ளை பெற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "மானம் போயிரும்" என்று தாய் தகப்பனே அந்தப் பேரப்பிள்ளையைத் தங்கள் பிள்ளையாகப் பதிய நினைப்பார்கள். இது சட்டப்படி குற்றம். அதோடு, பெற்றவள் அந்தப் பிள்ளைக்கு அக்காவாகிவிடுகிறாள். பிள்ளை வளர்ந்து பக்கத்து லயத்து வாயால் உண்மையைக் கேட்கும்போது வீடே உடைந்துவிடும். தகப்பன் பெயர் எழுதாமலே பிறப்பைப் பதியலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த இடம் வெறுமையாக இருப்பது, பொய்ப் பெயர் இருப்பதைவிட மேல்.

ஆ) பிறப்பை 42 நாட்களுக்குள் பதியுங்கள். 3 மாதம் தாண்டினால் காலம் கடந்த பதிவு என்று தனி விண்ணப்பம், சாட்சி, அலைச்சல். பெயரைச் சொல்லும்போது தெளிவாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "முத்துலெட்சுமி" என்ற பெயர் தாய்க்கு ஒரு விதமாகவும் பிள்ளையின் தாளில் இன்னொரு விதமாகவும் இருந்தால், பிறகு இருவரும் தாய் பிள்ளை என்று நிரூபிக்கவே கஷ்டப்பட வேண்டும்.

இ) சொந்தக்காரப் பிள்ளையை நிரந்தரமாக வளர்க்கப் போகிறீர்கள் என்றால் நீதிமன்றத்தின் மூலம் தத்து எடுங்கள். முதலில் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அல்லது நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பெற்றவர்களின் சம்மதம் தேவை. நீதிமன்றக் கட்டளையின் பிரதி, வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர் மூன்றையும் பத்திரமாக எழுதி வையுங்கள். பின்னொரு நாள் பிள்ளை தன் முதல் பதிவைத் தேடினால் இந்த இலக்கம்தான் திறப்பு.

ஈ) பிறப்புச் சான்றிதழுக்குத் துணையாக வேறு தாள்களும் உண்டு. கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவு, பிள்ளைக்காம்பராப் பெயர்ப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேடு ஆகியவை. இவற்றைப் பழைய தாள் என்று அடுப்பில் போடாதீர்கள். தாளைத் தேடுபவருக்கு இவை ஒவ்வொன்றும் சாட்சி.

உ) எடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். எப்போது என்று கேட்பீர்கள். பிள்ளை கேள்வி கேட்கும் வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கதை போலச் சொல்லலாம். "உன்னைப் பெத்த அம்மா ஒருத்தர், வளர்க்கிற அம்மா நான்" என்று வீட்டில் கேட்ட பிள்ளைக்கு, வெளியே யார் சொன்னாலும் அதிர்ச்சி இல்லை. சொன்னால் பிள்ளை விட்டுப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பெற்றவளைத் தேடுகிற பிள்ளை வளர்த்தவளை வெறுக்கிறது என்று அர்த்தம் இல்லை.

ஊ) முன்னொரு காலம் பிள்ளையைக் கொடுத்த தாய் நம் தோட்டத்தில் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் தேடி வந்து ஒரு பெயரைக் கேட்டால், லயம் முழுவதும் கூட்டம் கூட்டி "இன்னாரைத் தேடி வெள்ளைக்காரப் பிள்ளை வந்திருக்கு" என்று கத்தாதீர்கள். வந்தவரின் விபரத்தை எழுதி வாங்கி, நலன்புரி உத்தியோகத்தரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ இரகசியமாகக் கொடுங்கள். அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டும். "வேணும்" என்று சொல்வதும் "வேணாம்" என்று சொல்வதும் அவருடைய விருப்பம். பெயர் ஒத்துப் போவதை மட்டும் நம்பி உறவு கொண்டாடவும் கூடாது. தாள் பொய்யாக இருக்கலாம் என்று மேலே படித்தோம். மரபணுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வதே இரு பக்கத்துக்கும் நல்லது. "தேடித் தருகிறேன்" என்று காசு கேட்டு வரும் தரகரை நம்பாதீர்கள்.

8. மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் கூடிப் பேச

1. முதல் சான்றிதழ், தத்துக்குப் பின் வரும் சான்றிதழ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
2. பிள்ளை அறியும் உரிமையும் தாயின் மனமும் மோதும் இடத்தில் ஒரிகனும் அயர்லாந்தும் என்ன வழி கண்டன? நமக்கு எது பொருந்தும்?
3. நமது நாட்டிலும் 18 வயதானால் கேட்டவுடன் கொடுக்கும் சட்டம் வேண்டுமா? ஏன்?
4. நமது டிவிசனில் பிறப்புப் பதியாத பிள்ளைகள், பெயர் பிழையாக உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? பட்டியல் எடுத்து அடுத்த நடமாடும் சேவைக்கு முன் எங்களிடம் கொடுங்கள்.

நான்காவது கேள்விக்கு உள்ள பதில் பேச்சோடு முடியக்கூடாது. பட்டியலைக் கொண்டு வாருங்கள். பதிய வேண்டியதைப் பதிவோம், திருத்த வேண்டியதைத் திருத்துவோம். தத்து விசயமாகத் தனியே பேச விரும்புகிறவர்கள் கொழுந்து நிறுத்தி முடிந்த பிறகு அலுவலகத்துக்கு வரலாம். யார் வந்தார், என்ன கேட்டார் என்பது எங்களைத் தாண்டி வெளியே போகாது.